இருக்கையில் காத்திருக்கும் மைய ஆட்டக்காரர்

நுழையும்முன்

கூடைப்பந்தில் ஓர் அணிக்குக் களத்தில் ஐவர், பட்டியலில் பன்னிருவர். எஞ்சிய எழுவர் ஆட்டத்தின் பெரும்பகுதியை இருக்கையில் அமர்ந்தே கழிக்கின்றனர். அவ்வெழுவருள் ஒருவர், அணியின் உயரமான மைய ஆட்டக்காரர் களைப்புறும்போதோ தவறுகள் மிகும்போதோ அவரிடத்தை நிரப்புபவர். சில நிமிடங்களே ஆடும் அவரது பங்கை எதைக் கொண்டு அளப்பது? தொழில்முறைக் கூடைப்பந்தில் இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையே ஒருவரது ஒப்பந்தத்தையும் வாழ்க்கையையும் முடிவு செய்கிறது. பஞ்சாபோடு தொடர்புடைய இருவரின் வரலாற்றையும் வேறு சிலரின் வரலாற்றையும் துணைக்கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

ஆட்டமும் அதன் நடுவிடமும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் கூடைப்பந்து ஆட்டத்தை உருவாக்கினார். குளிர்காலத்தில் மாணவர்களைக் கூடத்துக்குள்ளேயே ஆடவைக்க ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. பீச் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் கட்டி, அணிக்கு ஒன்பதின்மராகப் பதினெண்மரை ஆடவிட்டார். அப்பத்தடி உயரம், அதாவது 3.05 மீட்டர், இன்றுவரை மாறவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கினார் என்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம். நம் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர் பலருக்கு அக்கல்லூரியே தாய்வீடு.

தொடக்கக் காலத்தில், ஒவ்வொரு முறை பந்து கூடையில் விழுந்த பின்னரும் நடுவர் களத்தின் நடுவே பந்தை மேலே எறிவார். இரு அணிகளின் உயரமான ஆட்டக்காரர்களும் அதற்காகத் தாவுவர். களத்தின் மையத்தில் நின்றமையால் அவருக்கு மைய ஆட்டக்காரர் எனப் பெயர் வந்தது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 1937இல் அவ்வழக்கம் நீக்கப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்தது. ஆளோ களத்தின் மையத்தை விட்டுக் கூடையின் அடிக்கு வந்துசேர்ந்தார்.

அங்கே அவருக்குரிய பணிகள் பல. எதிரணியினர் கூடையை நெருங்கும்போது கையுயர்த்தி மறிக்க வேண்டும். குறி தவறி வளையத்திலோ பலகையிலோ பட்டுத் திரும்பும் பந்தைப் பிறர்க்கு முன் கைப்பற்ற வேண்டும். இதனை மீள்பந்து எனலாம்; ஆடுகளத்தில் 'ரீபவுண்ட்' என்றே வழங்குவர். தம் அணியின் பந்தாளர் விடுபட்டுச் செல்லும்படி எதிராளியின் வழியில் சுவர்போல் நின்றுகொடுக்கவும் வேண்டும். இவை அனைத்தும் உடலோடு உடல் மோதும் வேலைகள். ஆகவே மைய ஆட்டக்காரர் விரைவில் களைக்கிறார். நடுவரின் ஊதலுக்கும் எளிதில் ஆளாகிறார். பன்னாட்டு விதிப்படி ஐந்து தவறுகளும், அமெரிக்கத் தொழில்முறை விதிப்படி ஆறு தவறுகளும் செய்தவர் ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். முதற்கால்பகுதியிலேயே இரண்டு தவறுகள் செய்துவிட்ட மைய ஆட்டக்காரரை இருக்கைக்கு அழைக்காத பயிற்றுநர் அரியர்.

மாற்று ஆட்டக்காரர் என்னும் நிலை ஆட்டத்தோடு கூடவே பிறந்ததன்று. அமெரிக்கக் கல்லூரி விதிகளில், வெளியே சென்றவர் திரும்ப வரவே முடியாது என்ற நிலை 1920 வரை இருந்தது. பின்னர் ஒருமுறையும், 1930களின் நடுவில் இருமுறையும் திரும்பலாம் என விதி தளர்ந்தது. 1940களின் நடுவில்தான் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. எனவே, வந்து போய் வந்து ஆடும் மாற்று ஆட்டக்காரரின் கலைக்கு வயது எண்பதாண்டுகளே.

பதினைந்து நிமிடங்களின் நீளம்

என்.பி.ஏ. எனச் சுருக்கமாக வழங்கப்படும் அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் ஆட்டம் 48 நிமிடங்கள் கொண்டது. முதன்மை மைய ஆட்டக்காரர் 33 நிமிடங்கள் ஆடுவதாகக் கொள்வோம். எஞ்சுவது 15. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது சிறு துண்டு. ஆனால் ஒரு பருவத்தில் ஓர் அணி 82 ஆட்டங்கள் ஆடுகிறது. பதினைந்தை எண்பத்திரண்டால் பெருக்கினால் 1,230 நிமிடங்கள்; அதாவது இருபத்தைந்து முழு ஆட்டங்களுக்கும் மேல். ஓர் அணியின் கூடையடி இருபத்தைந்து ஆட்டங்களுக்கு யாரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்பது சிறு செய்தியாகாது.

நம் மாவட்டத்துக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டு இதனை விளக்கலாம். செய்யாறு, வந்தவாசிப் பகுதிகளில் தெருக்கூத்து இரவு தொடங்கி விடியும்வரை நிகழும். வேடம் கட்டியவர் பாடி ஆடிவரும்போது, பின்னால் நிற்கும் பின்பாட்டுக்காரர் அவ்வடியை வாங்கித் திரும்பப் பாடுவார். அந்த இடைவெளியில்தான் வேடக்காரர் மூச்சு வாங்குகிறார். பின்பாட்டு தளர்ந்தால் விடியற்காலைக் காட்சியில் வேடக்காரரின் குரல் தளரும். மாற்று மைய ஆட்டக்காரர் எடுக்கும் புள்ளிகளைக் காட்டிலும் அவர் வாங்கித்தரும் மூச்சு சில வேளைகளில் பெரிது. அம்மூச்சின் பயன் முதன்மை ஆட்டக்காரரின் கணக்கில் எழுதப்படுவதால், மாற்று ஆட்டக்காரரின் ஏட்டில் அது தென்படுவதில்லை.

பில் வால்டன் கண்ட பருவம்

இப்பணியின் உச்சத்தைக் காட்ட ஒரு பருவமே போதும். பில் வால்டன் 1974ஆம் ஆண்டு என்.பி.ஏ. தேர்வில் முதலாமவராக எடுக்கப்பட்டவர். 1977இல் போர்ட்லேண்டு அணிக்குக் கோப்பையை வென்று தந்தவர். 1978இல் தொடரின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர். அதன்பின் பாத எலும்பு முறிவுகள் அவரை விடாமல் துரத்தின. ஆண்டுக்கணக்கில் ஆடவியலாமற்போன அவர், 1985இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் சேர்ந்தார். அங்கே மைய ஆட்டக்காரர் இடம் இராபர்ட் பேரிஷ் என்பவருக்கு உரியது. ஒரு காலத்தில் தொடரின் முதல்வராக விளங்கியவர், அதை அறிந்தே இருக்கையில் அமர ஒப்புக்கொண்டார்.

1985-86 பருவத்தில் வால்டன் 80 ஆட்டங்களில் களமிறங்கினார். அவரது வாழ்நாளில் ஒரே பருவத்தில் அவர் ஆடிய மிகுந்த எண்ணிக்கை அதுவே. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 19 நிமிடங்கள், ஏறத்தாழ 7.6 புள்ளிகள், 6.8 மீள்பந்துகள். சிறந்த மாற்று ஆட்டக்காரர்க்குரிய 'ஆறாமவர்' விருது 1986இல் அவருக்கு வழங்கப்பட்டது. பாஸ்டன் அணி 82 ஆட்டங்களில் 67இல் வென்று கோப்பையையும் கைப்பற்றியது.

இனி, மதிப்பீட்டுக்கு வருவோம். 7.6 புள்ளிகள் என்பதைப் பேரிஷ் எடுத்த 16 புள்ளிகளோடு வெறுமனே ஒப்பிட்டால் வால்டன் பாதி ஆள் எனத் தோன்றும். இருவரும் ஆடிய நேரம் ஒன்றன்று. ஆகவே ஆய்வாளர் யாவரது எண்களையும் 36 நிமிடங்களுக்கு உரியனவாக மாற்றிப் பார்ப்பர். அவ்வாறு மாற்றினால் வால்டனின் மீள்பந்துகள் 36 நிமிடங்களுக்கு 12க்கும் மேல். பேரிஷின் மீள்பந்துகள் 11ஐ எட்டவில்லை. கூடையடியில் பந்தைக் கைப்பற்றுவதில் மாற்று ஆட்டக்காரரே முதன்மையானவரை விஞ்சினார் என்று இக்கணக்குச் சொல்கிறது.

அப்படியானால் வால்டனை 36 நிமிடங்கள் ஆடவைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் இக்கணக்கின் இடர் ஒளிந்திருக்கிறது. 19 நிமிடங்களில் முழு ஆற்றலையும் செலவிடுபவர் 36ஆம் நிமிடத்திலும் அதே விசையோடு தாவுவார் என்பதற்கு உறுதியில்லை. அவர் எதிர்கொண்டவருள் பலர் எதிரணியின் மாற்று ஆட்டக்காரர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பாதங்கள் 36 நிமிடங்களைத் தாங்கியிரா. நேரத்தைச் சமமாக்கும் கணக்கு, வெவ்வேறு அளவு ஆடியவர்களை ஒரு தட்டில் வைத்துப் பார்க்க உதவும். ஆடாத நிமிடங்களில் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை அது சொல்லாது.

மற்றொரு நுட்பமும் உண்டு. அப்பருவத்தில் பேரிஷ் சராசரியாக ஏறத்தாழ 32 நிமிடங்கள் ஆடினார். அதனோடு வால்டனின் 19ஐக் கூட்டினால் 51 வருகிறது. ஆட்டமோ 48 நிமிடங்களே. எனவே, சில நேரங்களில் இருவரும் ஒருங்கே களத்தில் நின்றனர் என்பது பெறப்படும். மாற்றாக வந்தவர், மாற்றாக மட்டும் இருக்கவில்லை.

வால்டனின் பங்கை அளக்க மிகச்சிறந்த சான்று அவர் ஆடிய பருவத்தில் இல்லை. ஆடாத பருவத்தில் இருக்கிறது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. அடுத்த பருவத்தில் காயத்தால் அவர் பத்து ஆட்டங்களே ஆடினார். முப்பத்துமூன்று வயதான பேரிஷின் ஆட்டநேரம் ஏறத்தாழ 37 நிமிடங்களாக உயர்ந்தது. அணியின் வெற்றிகள் 67இலிருந்து 59ஆகக் குறைந்தன. இறுதிப்போட்டியில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியிடம் பாஸ்டன் தோற்றது. தோல்விக்குக் காரணங்கள் பல. அணியில் வேறு சிலரும் காயமுற்றிருந்தனர். ஆயினும் ஒருவர் இருக்கையில் இல்லாமற்போனதால் இன்னொருவரின் கால்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஐந்து நிமிடங்கள் கூடுதலாக உழைக்க நேர்ந்தது என்பதை எண்களே காட்டுகின்றன.

தெரிந்து தெளிவோம்

என்.பி.ஏ. தொடரில் சிறந்த மாற்று ஆட்டக்காரர்க்கு வழங்கப்படும் 'ஆறாமவர்' விருது 1982-83 பருவத்தில் தொடங்கப்பட்டது. முதல் விருதைப் பெற்றவர் பிலடெல்ஃபியா அணியின் பாபி ஜோன்ஸ். களத்தில் தொடங்கும் ஐவருக்கு அடுத்து முதலில் அழைக்கப்படுபவர் என்பதால் ஆறாமவர் எனும் பெயர் அமைந்தது.

கூட்டலும் கழித்தலும்

புள்ளி, மீள்பந்து, தடுப்பு ஆகியவை கண்ணாற் காணத்தக்கவை. அவற்றுக்கு அப்பாலும் ஓர் அளவை உண்டு. ஒருவர் களத்தில் நிற்கும் நேரத்தில் அவரது அணி எத்தனை புள்ளிகள் எடுத்தது, எத்தனை விட்டுக்கொடுத்தது என்பதன் வேறுபாடே அது. இதனைக் கூட்டல்-கழித்தல் கணக்கு எனலாம்.

ஒரு கற்பனை ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதன்மை மைய ஆட்டக்காரர் நின்ற 34 நிமிடங்களில் அணி எட்டுப் புள்ளிகள் முந்துகிறது. மாற்று ஆட்டக்காரர் நின்ற 14 நிமிடங்களில் மூன்று புள்ளிகள் பிந்துகிறது. அணி ஐந்து புள்ளிகளில் வெல்கிறது. ஏட்டில் மாற்று ஆட்டக்காரரின் பெயர்க்கு நேரே கழித்தல் மூன்று என்று விழும். அவர் அணிக்குத் தீங்கு செய்தார் என்று அவசரப்பட்டு முடிவு செய்பவர் உண்டு. அதே 14 நிமிடங்களில், வேறொருவர் நின்றிருந்தால் அணி ஒன்பது புள்ளிகள் பிந்தியிருக்கும் எனில், ஆட்டம் ஒரு புள்ளியில் கைநழுவியிருக்கும். மூன்றுக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட ஆறு புள்ளிகளே அவர் ஈட்டித் தந்தவை. முன்னிலையைப் பெருக்குவது முதன்மை ஆட்டக்காரரின் வேலையாயின், அது கரையும் வேகத்தைத் தடுப்பது மாற்று ஆட்டக்காரரின் வேலை.

இக்கணக்கும் குறையற்றதன்று. களத்தில் உடன் நிற்கும் நால்வர் யார் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். பத்து ஆட்டங்களின் கணக்கை நம்பி ஒருவரை எடைபோடுதல் கூடாது. ஒரு பருவமேனும் வேண்டும்.

எந்தக் கணக்கிலும் சிக்காத வேலைகளும் இருக்கின்றன. திருவண்ணாமலைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் ஐந்து தேர்கள் மாடவீதியில் வலம் வருகின்றன. வடம் பிடிப்போரை ஊரே பார்க்கிறது. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இட்டு அதன் போக்கைத் திருப்புபவரை அருகில் நிற்பவரே அறிவர். மாற்று மைய ஆட்டக்காரர் எதிராளியைத் தம் முதுகால் தள்ளி நிறுத்த, அப்பந்தை அணியின் சிறிய ஆட்டக்காரர் எடுத்துச் செல்வார். மீள்பந்து அவருடைய ஏட்டில் ஏறும். எதிரணியினர் கூடையை நோக்கி வந்து, உயரமானவர் நிற்பதைக் கண்டு எறியாமலே திரும்புவர். எறியாத பந்துக்குத் தடுப்புக் கணக்கு இல்லை. இவற்றைக் காண ஆட்டப் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. தொழில்முறை அணிகள் அதற்கெனவே ஆள் வைத்திருக்கின்றன.

மூன்று நிமிடங்கள்

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில், சாக்ரமென்டோ கிங்ஸ் அணிக்கும் மின்னசோட்டா அணிக்கும் நடந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளில் சிம் புல்லர் களமிறங்கினார். பஞ்சாபிலிருந்து கனடாவில் குடியேறிய பெற்றோர்க்கு 1992இல் டொராண்டோவில் பிறந்தவர் அவர். உயரம் ஏழடி ஐந்து அங்குலம், அதாவது 226 சென்டிமீட்டர். என்.பி.ஏ. களத்தில் ஆடிய இந்திய வம்சாவளியினருள் அவரே முதல்வர். அவ்வணியின் உரிமையாளர் விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர் என்பதால் இச்செய்தி இந்திய நாளேடுகளில் பெரிதாக வெளிவந்தது.

புல்லர் பெற்றது பத்து நாள் ஒப்பந்தம். அவ்வகை ஒப்பந்தத்தில் ஓர் அணி ஒருவரைப் பத்து நாள்களுக்கு எடுத்துப் பார்க்கலாம். ஒரே பருவத்தில் இருமுறைக்கு மேல் அவ்வாறு செய்ய விதியில்லை. அதன்பின் பருவம் முழுமைக்கும் எடுக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். அவர் ஆடியவை மூன்று ஆட்டங்கள். நேரம் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ மூன்று நிமிடங்கள். எடுத்தவை இரண்டு புள்ளிகள். என்.பி.ஏ. தொடரில் அவரது கணக்கு அத்துடன் முடிந்தது.

முன்னர்க் கண்ட 36 நிமிடக் கணக்கை இங்கே பொருத்திப் பார்த்தல் வேடிக்கையாக இருக்கும். மூன்று நிமிடங்களுக்கு இரண்டு புள்ளிகள் எனில் 36 நிமிடங்களுக்கு 24 புள்ளிகள். அவ்வணியின் முதன்மை மைய ஆட்டக்காரரான டிமார்கஸ் கசின்ஸ் அப்பருவத்தில் ஆட்டத்துக்கு 34 நிமிடங்கள் ஆடி எடுத்த சராசரியும் 24தான். கணக்கை அப்படியே நம்பினால், தொடரின் தலைசிறந்த மைய ஆட்டக்காரர்களுள் ஒருவரும் மூன்று நிமிடம் ஆடியவரும் ஏறத்தாழ இணையாகிவிடுவர். வகுத்தல் சரி, முடிவு நகைப்புக்குரியது. குறைந்த அளவிலிருந்து பெரிய முடிவை எடுப்பதன் இடர் இதைவிடத் தெளிவாக விளங்காது.

இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று நிமிடங்களைக் கொண்டு புல்லரைப் புகழ முடியாதெனில், அதே மூன்று நிமிடங்களைக் கொண்டு அவரைத் தள்ளவும் முடியாது. சீன நாட்டின் யாவ் மிங், 2002 அக்டோபரில் ஹூஸ்டன் அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராகவே வந்தார். 11 நிமிடங்களில் அவர் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இரண்டு மீள்பந்துகளே கிடைத்தன. முதல் தேர்வாக எடுக்கப்பட்டவர் இவரா என்று பலரும் நகைத்தனர். மூன்று வாரங்களுக்குள் லேக்கர்ஸ் அணிக்கு எதிராக ஒன்பது முறை எறிந்து ஒன்பதையும் கூடையிலிட்டு 20 புள்ளிகள் எடுத்தார். யாவுக்கு அடுத்த ஆட்டங்கள் காத்திருந்தன. புல்லர் களமிறங்கியபோது பருவமே முடியும் தறுவாயில் இருந்தது.

ஆனால் புல்லரின் திறனை அறிய வேறு சான்றுகளே இல்லை என்று கூற இயலாது. அதே பருவத்தில் அவர் கிங்ஸ் அணியின் துணை அணியான ரீனோ பிக்ஹார்ன்ஸில் வளர்ச்சித் தொடரில் ஆடினார். அங்கே ஆட்டத்துக்கு ஏறத்தாழ 26 நிமிடங்கள் நின்று, பத்துக்கு மேற்பட்ட புள்ளிகளும் ஒன்பதை நெருங்கிய மீள்பந்துகளும் எடுத்தார். எறிபந்துகளை ஆட்டத்துக்கு நான்கு முறை வரை தடுத்தார். இத்தடுப்பு எண்ணிக்கை எவரும் மதிக்கத்தக்கது. பயிற்றுநர்கள் கண்ட குறை வேறு. 160 கிலோவுக்கும் மேற்பட்ட எடையோடு அவரால் களத்தின் இரு முனைகளுக்கும் விரைந்து ஓடித் திரும்ப முடியவில்லை. கூடையை விட்டு வெளியே வந்து விரைவான எதிராளியை மறிப்பதும் கடினமாயிற்று. அப்போதைய பயிற்றுநர் ஜார்ஜ் கார்ல் விரைவாட்டத்தை விரும்புபவர். அவரது முடிவு கொடுமையானது என்று சொல்வதற்கில்லை. போதிய சோதனைக்குப் பின் எடுக்கப்பட்டது என்றும் சொல்வதற்கில்லை.

காலம் மாற்றிய அளவுகோல்

ஒருவரை மதிப்பிடும் அளவுகோல் அவர் கையில் இருப்பதில்லை. 1979இல் என்.பி.ஏ. தொடரில் தொலைவிலிருந்து எறிந்து விழும் பந்துக்கு மூன்று புள்ளிகள் என்ற விதி வந்தது. நெடுங்காலம் அது ஓர் அணிகலன்போலவே கருதப்பட்டது. மெல்ல மெல்ல, தொலைவெறி மிகுந்தால் வெற்றி மிகும் என்பதை அணிகள் கணக்கிட்டறிந்தன. எதிரணியினர் ஐவரும் வளைகோட்டுக்கு வெளியே நின்று எறியத் தொடங்கினால், கூடையடியில் காவல் நிற்பவர்க்கு அங்கே காக்க ஒன்றுமில்லை. அவரும் வெளியே வர வேண்டும்.

புல்லர் களமிறங்கிய இரண்டே மாதங்களில் அதற்கான காட்சி அரங்கேறியது. 2015 ஜூன் மாத இறுதிப்போட்டியில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி, கிளீவ்லாந்து அணியிடம் இரண்டுக்கு ஒன்று எனப் பின்தங்கியிருந்தது. நான்காம் ஆட்டத்தில் பயிற்றுநர் ஸ்டீவ் கெர், ஏழடி உயர மைய ஆட்டக்காரரான ஆண்ட்ரூ போகட்டை இருக்கையில் அமர்த்திவிட்டு, பருவம் முழுவதும் மாற்று ஆட்டக்காரராகவே வந்த ஆந்த்ரே இகுடாலாவைத் தொடக்க ஐவரில் சேர்த்தார். மைய ஆட்டக்காரரின் பணி, ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமே உடைய டிரேமாண்ட் கிரீனிடம் சென்றது. வாரியர்ஸ் அணி அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றது. இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது இகுடாலாவுக்கே கிடைத்தது. முதன்மை மைய ஆட்டக்காரர் ஒரே இரவில் மாற்று ஆட்டக்காரரானார்.

அதே மாதத்தின் இறுதியில்தான் பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்திலுள்ள பல்லோ கே என்னும் சிற்றூரைச் சேர்ந்த சத்னாம் சிங் பமாராவை டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52ஆவது தேர்வாக எடுத்தது. உழவர் குடும்பத்தில் பிறந்து, லூதியானா கூடைப்பந்துப் பயிற்சிக் கழகத்தில் பயின்று, 2010இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் பயிற்சிக்குச் சென்றவர் அவர். உயரம் ஏழடி இரண்டு அங்குலம். இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர். டல்லாஸின் துணை அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸில் இரு பருவங்கள் இருந்தும், முதன்மைத் தொடரின் ஓர் ஆட்டத்திலும் அவரால் களமிறங்க இயலவில்லை. உயரமும் வலிமையும் உடைய மைய ஆட்டக்காரரை அணிகள் தேடிய காலத்தில் ஒரு சிறுவன் பயிற்சியைத் தொடங்குகிறான். அவன் வளர்ந்து வருவதற்குள் ஆட்டம் வேறொன்றைத் தேடத் தொடங்கிவிடுகிறது. இதில் குற்றம் யாருடையது என்று கேட்பதில் பயனில்லை. மதிப்பீட்டை எழுதுபவர், தாம் அளப்பது ஆட்டக்காரரின் திறனையா, அத்திறனுக்கு இன்றுள்ள தேவையையா என்பதைப் பிரித்து எழுத வேண்டும். பெரும்பாலான மதிப்பீடுகளில் இவ்விரண்டும் கலந்தே கிடக்கின்றன.

நம் நாட்டு அணிகளில்

நம் நாட்டில் கூடைப்பந்து ஆடி வாழ்வோர் பெரும்பாலும் நிறுவன அணிகளைச் சார்ந்தவர்கள். சென்னையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இரயில் பெட்டித் தொழிற்சாலை, வருமான வரித்துறை முதலியவை அணிகளை நடத்திவந்துள்ளன. விளையாட்டு ஒதுக்கீட்டில் பணியேற்றவர் களத்தில் ஐந்து நிமிடம் ஆடினாலும் மாதச் சம்பளம் குறையாது; ஆட்டத்தை விட்ட பின்னும் பணி தொடரும். பத்து நாள் ஒப்பந்தத்தில் ஆடுபவர் அறியாத நிம்மதி இது. ஆனால் அந்நிம்மதிக்குள் நுழையும் வாயில் குறுகலானது. மாநில அணியில் ஆடியதற்கான சான்றிதழும் தகுதித் தேர்வில் காட்டும் திறனுமே அங்கு பேசும். தேர்வாளர்முன் இருக்கும் தாளில் ஆட்டநேரம் எழுதப்படாமல் புள்ளிகள் மட்டும் எழுதப்பட்டிருந்தால், மாற்று ஆட்டக்காரர் அங்கேயே பின்தங்கிவிடுவார். இந்தியத் தேசியக் கூடைப்பந்துத் தொடர் ஆறு நகர அணிகளோடு ஐவர் ஆட்டமாகத் தொடங்கியது. சென்னை ஹீட் அவற்றுள் ஒன்று. இத்தகைய தொடர்கள் வளருமாயின் நம் மாற்று ஆட்டக்காரர்களுக்கும் நிமிடவாரியான பதிவுகள் கிடைக்கும்.

பள்ளி அளவில் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. குறுவட்டப் போட்டிக்கோ மாவட்டப் போட்டிக்கோ செல்லும் அணியில், ஆடாத மாணவர் ஒருவரிடம் கடிகாரத்தையும் ஒரு தாளையும் கொடுத்தால் போதும். யார் எந்த நிமிடத்தில் உள்ளே சென்றார், எப்போது வெளியே வந்தார், அந்நேரத்தில் இரு அணிகளின் புள்ளிகள் எவ்வளவு என்ற மூன்றே செய்திகளைக் குறித்தால் கூட்டல்-கழித்தல் கணக்கு தானே அமையும். பத்து ஆட்டங்களின் தாள்களைச் சேர்த்து வைத்துப் பார்க்கும் உடற்கல்வி ஆசிரியருக்கு, தம் அணியின் இரண்டாம் மைய ஆட்டக்காரரைப் பற்றி இதுவரை தெரியாத ஏதேனும் ஒன்று தெரியவரும்.

சிம் புல்லர் பின்னர் ஆசியாவுக்கு வந்து, தைவான் நாட்டு அணிகளில் பல பருவங்கள் ஆடினார். அங்கே அவர் கடைசி நொடிகளுக்காகக் காத்திருக்கவில்லை. ஆட்டத்தின் முதல் ஊதலுக்கே களத்தின் நடுவில் பந்துக்காகத் தாவினார்.